மிகைத் தைராய்டுக்கு மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும்: மும்பைத் தமிழர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று மருத்துவர் சொல்லி, கார்பிமசோல் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்து, சில வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவோடு வரச் சொல்லியிருந்தால், அடுத்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியவற்றை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. மாதுங்காவிலும் சயானிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மும்பையில் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஓபிடியில் மருத்துவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தப் பேச்சும் பெரும்பாலும் இந்தியிலோ மராத்தியிலோ நடப்பதால், நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, அதோடு சொல்லப்பட்ட எச்சரிக்கை மனத்தில் பதியாமலே திரும்பிவிடுகிறார்கள். இந்த நோயில் மாத்திரை சிகிச்சையின் ஒரு பாதிதான். குறித்த நாளில் செய்யும் பரிசோதனையும், அதன் முடிவைக் கொண்டு அளவை மாற்றுவதும் மறுபாதி. அந்த மறுபாதி விட்டுப்போனால், உதவ வேண்டிய மாத்திரையே உடம்புக்குத் தீங்கு செய்யக்கூடும்.

உங்களுக்கு இருப்பது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கழுத்தின் முன்புறம் குரல்வளைக்குக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி டி4, டி3 என்ற இரு ஹார்மோன்களைச் சுரக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. தைராய்டு தானாகவே அதிகம் சுரக்கத் தொடங்கியதும் பிட்யூட்டரி தன் தூண்டுதலை நிறுத்திவிடும். எனவே அறிக்கையில் டி4, டி3 கூடியும் டி.எஸ்.எச். மிகவும் குறைந்தும் இருப்பதே மிகைச் சுரப்பின் அடையாளம்.

இங்கேதான் பெரிய குழப்பம் நேர்கிறது. டி.எஸ்.எச். எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு “எனக்குத் தைராய்டு அதிகம்” என்று சொல்லும் அண்டை வீட்டு அக்காவுக்கு உண்மையில் இருப்பது குறைச் சுரப்பு. அவர் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் தைராக்சின் உங்களுக்கு நேர் எதிரான மருந்து. குறைச் சுரப்பே பரவலாகக் காணப்படுவதால், மருந்துக்கடையில் “தைராய்டு மாத்திரை” என்று மட்டும் கேட்டால் தைராக்சினை எடுத்துத் தரும் வாய்ப்பே அதிகம். மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சொல்லி வாங்குங்கள். வீட்டில் ஒருவர் தைராக்சினும் இன்னொருவர் கார்பிமசோலும் எடுத்துக்கொண்டால், இரண்டையும் ஒரே அலமாரித் தட்டில் வைக்காதீர்கள்.

மிகைச் சுரப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது கிரேவ்ஸ் நோய். டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்த இந்நோயில், உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுகிறது. அறிக்கைகளில் டி.ஆர்.ஏ.பி. எனக் குறிக்கப்படும் பரிசோதனை இந்த எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. சுரப்பியில் தோன்றிய கட்டி ஒன்றோ பலவோ தாமாகவே ஹார்மோனைச் சுரப்பது இன்னொரு வகை. மூன்றாவது வகையை மறக்காமல் கேட்க வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பின்வரும் ஓராண்டுக்குள்ளோ சுரப்பியில் அழற்சி உண்டாகி, சேமிப்பில் இருந்த ஹார்மோன் இரத்தத்தில் கசிந்துவிடுவது அது. அங்கே புதிதாக எதுவும் மிகையாகத் தயாராவதில்லை என்பதால் கார்பிமசோலால் பயனில்லை. படபடப்பைத் தணிக்கும் மருந்தோடு பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே அடங்கும். எந்த வகை என்பது இரத்தப் பரிசோதனையில் தெளிவாகாவிட்டால், சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசியாகச் செலுத்திச் சுரப்பியைப் படமெடுக்கும் டெக்னீசியம் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ ஸ்கேனுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியவை

கார்பிமசோல் தொடங்கும் முன் இரண்டு அடிப்படைப் பரிசோதனைகள் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒன்று சி.பி.சி. எனப்படும் முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை. அதில் வெள்ளணுக்களின் வகைப் பிரிப்பும் இருக்க வேண்டும். மற்றொன்று கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. கிரேவ்ஸ் நோயே வெள்ளணுக்களைச் சற்றுக் குறைக்கவும் கல்லீரல் எண்களைச் சற்று ஏற்றவும் செய்யும். தொடக்க எண்கள் கையில் இல்லையென்றால், பின்னாளில் ஒரு மாற்றம் தென்படும்போது அது நோயால் வந்ததா மாத்திரையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனைகளை எழுதித் தரவில்லையென்றால் நீங்களாகவே கேட்பதில் தவறில்லை.

நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின், இதயத்துக்குத் தரும் டிகாக்சின் போன்ற மருந்துகளின் அளவு, தைராய்டு கட்டுக்குள் வர வர மாற்றப்பட வேண்டியிருக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கத் தரப்படும் அமியோடரோன் 200 மி.கி. மாத்திரை ஒன்றில், தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருளான அயோடின் ஏறத்தாழ 75 மி.கி. உண்டு, ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ வெறும் 150 மைக்ரோகிராம். அந்த மாத்திரையே மிகைச் சுரப்பை உண்டாக்கியிருக்கவும் கூடும். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். படபடப்புக்கும் கைநடுக்கத்துக்கும் வழக்கமாகத் தரும் புரோப்ரனலோல் மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும் என்பதால், ஆஸ்துமா உள்ளவருக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

நோயின் கடுமையைப் பொறுத்துக் கார்பிமசோலை நாளொன்றுக்கு 15 முதல் 40 மி.கி. வரை தொடங்கி, கட்டுக்குள் வந்தபின் 5 முதல் 15 மி.கி. வரை குறைப்பது பொதுவான முறை. உங்கள் அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த அளவை “இரண்டு மாத்திரை” என்று நினைவில் வைக்காமல் மில்லிகிராமில் எழுதி வைப்பது. 5, 10, 20 மி.கி. என வெவ்வேறு அளவுகளில் மாத்திரை கிடைப்பதால், கடைக்காரர் இருப்பில் உள்ளதைக் கொடுக்கும்போது, “இரண்டு மாத்திரை” என்பது ஒரு மாதம் 10 மி.கி. ஆகவும் அடுத்த மாதம் 40 மி.கி. ஆகவும் மாறிவிட இடமுண்டு. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட வேண்டுமே தவிர, இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. மும்பை மழைக்காலத்தின் ஈரப்பதம் மாத்திரைக்கு ஆகாது என்பதால், அதை வந்த புட்டியிலோ அட்டையிலோ வைத்து, அடுப்படியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் தள்ளிப் பாதுகாக்க வேண்டும்.

காய்ச்சலும் தொண்டைவலியும்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள். கார்பிமசோல் எடுப்பவர்களில் ஆயிரத்துக்கு 2 முதல் 5 பேர் வரை, கிருமிகளை எதிர்த்து நிற்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திடீரெனக் கிட்டத்தட்ட இல்லாமலே போகும் நிலைக்கு ஆளாகலாம். அக்ரானுலோசைட்டோசிஸ் எனப்படும் இந்நிலை பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். அதற்குப் பிறகும் வரலாம். இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும்போதும் வரலாம். அரிதுதான், ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது. வாரந்தோறும் இரத்தம் எடுத்துப் பார்த்தாலும் முன்கூட்டியே பிடிக்க முடியாத அளவுக்கு அது சட்டென்று வருவதால், மருத்துவர்கள் அடையாளங்களையே நம்புகிறார்கள். காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் ஆகியவையே அந்த அடையாளங்கள்.

இம்மூன்றில் எது வந்தாலும் அடுத்த வேளை கார்பிமசோலை நிறுத்துங்கள். அன்றைக்கே வகைப் பிரிப்போடு கூடிய சி.பி.சி. எடுங்கள். அன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரவு நேரமாக இருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்பது மற்றவர்களுக்குப் பொருந்தலாம்; இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருப்பவருக்குப் பொருந்தாது.

மும்பையில் இந்த விதிக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவை ஊரெங்கும் இருப்பதால், காய்ச்சலோடு வருபவரைத் தெருமுனை மருத்துவர் அந்தக் கோணத்திலேயே பார்ப்பார். டெங்குவிலும் வெள்ளணுக்கள் குறையும். எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு டெங்குதான் என்று அவர் முடிவு செய்துவிட்டால், உண்மையான காரணமான மாத்திரை வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். எனவே அறைக்குள் நுழைந்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், “நான் கார்பிமசோல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்” என்பதே. தமிழ் மட்டுமே பேசும் அம்மாவோ பாட்டியோ தனியாகச் செல்ல நேரலாம் என்றால், மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, காய்ச்சல் வந்தால் உடனே சி.பி.சி. பார்க்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு அட்டையில் எழுதி அவர்களுடைய பர்ஸில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு குடும்பமும் மாத்திரை வாங்கிய அன்றே இதைச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சி.பி.சி. அறிக்கையைப் பார்க்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் விழுக்காட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் உண்மையான நியூட்ரோஃபில் எண்ணிக்கை கிடைக்கும். மொத்தம் 5,200, நியூட்ரோஃபில் 40 விழுக்காடு என்றால் 2,080, கவலையில்லை. மொத்தம் 3,000, நியூட்ரோஃபில் 15 விழுக்காடு என்றால் 450. இது உடனே மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை. 1,500-க்குக் கீழே வந்தாலே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். 500-க்குக் கீழே இருப்பது ஆபத்து. எண்ணிக்கை சரியாக இருந்தால் அது சாதாரணக் காய்ச்சலாகவே இருக்கக்கூடும், மருத்துவர் சொல்லும் நாளில் மாத்திரையைத் தொடரலாம். அக்ரானுலோசைட்டோசிஸ் உறுதியானால் கார்பிமசோலை வாழ்நாளில் மீண்டும் தொடக் கூடாது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் புரோபைல்தையோயூராசிலும் அதே பாதிப்பைத் தரக்கூடும் என்பதால் அதையும் தவிர்ப்பார்கள்.

கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், சிறுநீர் அடர்நிறமாகப் போனாலும், மேல்வயிற்றில் கடுமையான வலி வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். லேசான அரிப்பும் தடிப்பும் அவ்வளவு அஞ்சத்தக்கவை அல்ல. அதற்குத் தனி மருந்து தந்து கார்பிமசோலைத் தொடரச் செய்வதே வழக்கம்.

நோயே முற்றி அவசர நிலை ஆவதும் உண்டு. கடுங்காய்ச்சல், கட்டுக்கடங்காத இதயத் துடிப்பு, வாந்தி, பிதற்றல் ஆகியவை சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இளம் ஆண்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மிகைத் தைராய்டு உள்ள ஆசிய ஆண்களில் சிலருக்கு, மாவுச்சத்து நிறைந்த விருந்துக்கோ கடும் உழைப்புக்கோ பிறகு, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, விடியற்காலையில் எழ முடியாதபடி கால்கள் செயலிழந்துபோகும். பக்கவாதம் என்று எண்ணி வேறெங்கோ அலையாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், தைராய்டு நோய் இருப்பதைச் சொன்னால், உரிய சிகிச்சையில் விரைவில் சரியாகிவிடும்.

முதல் சில வாரங்கள்

மாத்திரை தொடங்கி ஒரு வாரம் ஆகியும் படபடப்பு குறையவில்லை என்று பலர் மனம் தளர்கிறார்கள். கார்பிமசோல் புதிய ஹார்மோன் தயாராவதைத்தான் தடுக்கிறது; முன்பே தயாராகிச் சுரப்பியில் சேர்ந்திருப்பது வெளியேறுவதை அது தடுப்பதில்லை. நெல் வரத்து நின்ற பிறகும் குதிரில் இருப்பது தீரும்வரை வீட்டில் உலை கொதிப்பதைப் போல, பழைய சேமிப்பு இரத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். அது தீர்ந்து, எண்கள் இயல்புக்கு வர மூன்று முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் புரோப்ரனலோல். எண்கள் இறங்கியதும் அதை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும் என்பதால் அவர்கள் குளுக்கோமீட்டரைக் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

தினமும் காலையில் எழுந்ததும், காபிக்கு முன், ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணி எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடையை எழுதுங்கள். நாடி இறங்குவதும் எடை திரும்பி ஏறுவதும் மருந்து வேலை செய்வதைக் காட்டும். இழந்த எடை திரும்பும்போது, சிலர், குறிப்பாக இளம்பெண்கள், பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த எடை மீண்டும் வர வேண்டிய எடைதான். இயல்பான எடையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், சோர்வும் குளிர் தாங்காமையும் தசைப்பிடிப்பும் சேர்ந்து வந்தால், அது அளவு கூடிப்போனதன் அறிகுறி. அடுத்த பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

தொடங்கிய முதல் முறை நான்கு முதல் ஆறு வாரங்களில், பிறகு எண்கள் நிலைபெறும்வரை அதே இடைவெளியில், நிலைபெற்றபின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என்பதே பரிசோதனையின் பொதுவான ஒழுங்கு. ஆய்வகங்களில் “தைராய்டு ப்ரொஃபைல்” என்று கேட்டால் பெரும்பாலும் மொத்த டி3, மொத்த டி4, டி.எஸ்.எச். மூன்றையும் பார்த்துத் தந்துவிடுவார்கள். மொத்த அளவு கருவுற்ற காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் பொய்யாகக் கூடித் தெரியும். ஆகவே, இரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4-ஐ மட்டும் அளக்கும் ஃப்ரீ டி4 பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்; டி3-யும் சேர்ந்திருக்கட்டும், ஏனெனில் சிலருக்கு டி4 இயல்பாகி, டி3 மட்டும் ஏறியே நிற்கும்.

அடுத்து, டி.எஸ்.எச். எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் ஃப்ரீ டி4 4.2, டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழ். ஆறு வாரம் கழித்து ஃப்ரீ டி4 1.6, டி.எஸ்.எச். அசையவே இல்லை. பன்னிரண்டு வாரத்தில் ஃப்ரீ டி4 0.6, டி.எஸ்.எச். 0.05. பல ஆய்வகங்களில் ஃப்ரீ டி4-இன் இயல்பு எல்லை ஏறத்தாழ 0.8 முதல் 1.8 வரை. டி.எஸ்.எச்.-ஐ மட்டும் பார்ப்பவர் “இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது, நோய் அடங்கவில்லை” என்று மாத்திரையைக் கூட்டிவிடுவார். உண்மையில் இவருக்கு இப்போது ஹார்மோன் போதவில்லை. மாத்திரையைக் குறைக்க வேண்டும். நீண்ட நாள் ஒடுங்கிக் கிடந்த பிட்யூட்டரி மீண்டு எழப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதே இதற்குக் காரணம். முதல் சில மாதங்களில் ஃப்ரீ டி4-உம் டி3-உம் வழிகாட்டிகள், டி.எஸ்.எச். பின்னால் வந்து சேரும்.

கூடுமானவரை ஒரே ஆய்வகத்திலேயே பரிசோதியுங்கள், ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்றதாக இருப்பது நல்லது. ஆய்வகம் மாறினால் இயல்பு எல்லை மாறும். சில நேரம் அலகே மாறிவிடும். ஃப்ரீ டி4-ஐ ஒரு ஆய்வகம் நானோகிராம் கணக்கிலும் இன்னொன்று பிக்கோமோல் கணக்கிலும் தரும். முன்னதை 12.87-ஆல் பெருக்கினால் பின்னது. போன மாதம் 1.4 இருந்தது, இந்த மாதம் 18 ஆகிவிட்டது என்று கலங்கும் முன் அலகைப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுதான். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரத்தம் கொடுத்தால் எண்களை ஒப்பிடுவது எளிது. வீட்டுக்கே வந்து இரத்தம் எடுப்பவர்கள் கிடைப்பதால், மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொடுத்து அறிக்கையோடு செல்லலாம்.

மிகைத் தைராய்டில் முடி கொட்டுவது வழக்கம். அதற்காகப் பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதிக அளவு பயோட்டின், பல ஆய்வகக் கருவிகளில் டி4, டி3 கூடியதாகவும் டி.எஸ்.எச். குறைந்ததாகவும் பொய்யாகக் காட்டிவிடும். நோய் தணிந்திருந்தாலும் அறிக்கை தணியவில்லை என்று சொல்லும். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் எந்த மாத்திரையிலும் அது இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மாத்திரை அளவு, ஃப்ரீ டி4, டி3, டி.எஸ்.எச்., நாடி, எடை என ஏழு கட்டங்கள் போட்டு ஒவ்வொரு முறையும் நிரப்புங்கள். சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் ஒவ்வொரு வருகையிலும் வேறு மருத்துவர் இருக்கக்கூடும். கேஸ் பேப்பர் மழையில் நனைந்து எழுத்து கலைந்தும் போகும். ஒரே பக்கத்தில் ஓராண்டு வரலாறு இருந்தால் புதிய மருத்துவர்கூட அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார். மொழி தெரியவில்லை என்ற தயக்கமும் அங்கே குறைந்துவிடும்.

கருத்தரிக்க விரும்புவோர்

கார்பிமசோல், கருவின் உறுப்புகள் உருவாகும் தொடக்க வாரங்களில் குறைபாடுகளை உண்டாக்கக்கூடும். ஆறாவது முதல் பத்தாவது வாரம் வரை ஆபத்து மிகுதி. அதற்காகக் கருவுற்றதும் மாத்திரையைத் தாமாகத் தூக்கி எறிவதும் தவறு. கட்டுக்கடங்காத தைராய்டு தாய்க்கும் குழந்தைக்கும் கேடு. எண்கள் நிலைபெறும்வரை கருத்தடை முறையைப் பின்பற்றி, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்வதே சரியான வழி. முதல் மூன்று மாதங்களுக்குப் புரோபைல்தையோயூராசிலுக்கு மாற்றுவது வழக்கம். அந்த மருந்து அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும் என்பதால்தான் மற்ற நேரங்களில் அதை முதலில் தருவதில்லை. மாதவிலக்கு தள்ளிப்போனால் அன்றே வீட்டுப் பரிசோதனை செய்து, உறுதியானால் அடுத்த ஓபிடி நாளுக்குக் காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். கிரேவ்ஸ் நோய் உள்ள தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தைராய்டையும் தூண்டக்கூடும் என்பதால் பேறுகாலத்தில் டி.ஆர்.ஏ.பி. பரிசோதனையும் தேவைப்படும். பிரசவத்துக்குப் பிறகு குறைந்த அளவு கார்பிமசோல் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம்.

உணவு, கண், ஊர்ப் பயணம்

உணவைப் பற்றி ஊரார் சொல்லும் அளவுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வழக்கமான அயோடின் உப்பையும் மீனையும் முட்டைக்கோஸையும் சாப்பிடலாம். கடற்பாசி மாத்திரைகளும், தைராய்டுக்கு நல்லது என்று விற்கப்படும் அயோடின் துளிகளும் வேண்டாம். சி.டி. ஸ்கேனில் ஊசி வழியாகச் செலுத்தும் சாயத்திலும் அயோடின் மிகுதி என்பதால், ஸ்கேன் எடுக்கும் இடத்தில் தைராய்டு நோய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். படபடப்பு அடங்கும்வரை ஃபில்டர் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிரேவ்ஸ் நோயில் கண் உறுத்தல், சிவப்பு, விழி பிதுங்கல், இரட்டையாகத் தெரிதல் ஆகியவை வரலாம். புகைப்பிடிப்பது இதைப் பெரிதும் மோசமாக்குகிறது. இந்த நோயாளி சிகரெட்டையும் பீடியையும் இன்றே விட வேண்டும். பார்வை மங்கினாலோ நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ கண் மருத்துவரை அவசரமாகப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளோடு திருநெல்வேலிப் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ ஒன்றரை மாதம் போய்த் தங்கும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. புறப்படும் முன் ஒரு பரிசோதனை செய்து, மருத்துவரிடம் அளவை உறுதி செய்துகொண்டு, தங்கும் நாள்களுக்கும் கூடுதலாக இரண்டு வாரத்துக்கும் மாத்திரை வாங்கிக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் வைக்க வேண்டாம். சி.பி.சி. எடுக்கக்கூடிய ஆய்வகம் ஊரில் எங்கே இருக்கிறது என்று போன உடனேயே விசாரித்து வையுங்கள். மாத்திரை தீர்ந்துபோய்ச் சில வாரம் விட்டுவிட்டு மும்பை திரும்பியதும் பழைய அளவில் தாமாகத் தொடங்குவது கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு உள்ள எல்லா எச்சரிக்கையும் அப்போது மீண்டும் பொருந்தும்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு

கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோலைப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் தருவார்கள். எண்கள் நன்றாக இருக்கின்றன என்று ஆறு மாதத்தில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நிறுத்தும் முன் டி.ஆர்.ஏ.பி. பார்க்கப்பட வேண்டும், அது இன்னும் ஏறியிருந்தால் நோய் திரும்பக்கூடும் என்பதால் குறைந்த அளவில் தொடர்வதா, வேறு சிகிச்சைக்குப் போவதா என்று பேசி முடிவு செய்யலாம். நிறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் மீண்டும் வருகிறது. அதனால் நிறுத்திய பின்னும் முதல் ஆறு மாதம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு இடைவெளி கூட்டியும், அப்புறம் ஆண்டுக்கொருமுறை வாழ்நாள் முழுவதும் பரிசோதிக்க வேண்டும்.

திரும்பி வந்தாலோ, மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, சுரப்பிக் கட்டியே காரணமானாலோ, நிரந்தரத் தீர்வாக அறுவை சிகிச்சையோ கதிரியக்க அயோடினோ சொல்லப்படும். 1941-இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் முதன்முதலில் நோயாளிக்குக் கொடுத்த கதிரியக்க அயோடின், மும்பைக்காரர்களுக்குத் தொலைவான ஒன்றல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையம் பரேலில் 1963 முதல் நடத்திவரும் கதிரியக்க மருத்துவ மையத்தில் இந்தச் சிகிச்சை தரப்படுகிறது. அயோடின்-131 என்ற இந்த மருந்தைக் குளிகையாகவோ நீர்மமாகவோ விழுங்க வேண்டும். தைராய்டு அதை ஈர்த்துக்கொண்டு, உள்ளிருந்தே சுருங்குகிறது. எட்டு நாளுக்கு ஒருமுறை அதன் கதிர்வீச்சு பாதியாகும். கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இது கூடவே கூடாது. எடுத்துக்கொண்ட பெண்கள் அடுத்த ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. கண் பாதிப்பு இருந்தால் அது கூடக்கூடும் என்பதால் முன்பே சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் சிறுவர்களோடும் கருவுற்றவர்களோடும் நெருங்கி இருக்காமல் தனிப் படுக்கையில் உறங்கச் சொல்வார்கள். ஓர் அறையும் சமையல் மேடையுமாக உள்ள வீட்டில் அது எளிதன்று. குளிகை வாங்கப் போகும் நாளுக்கு முன்பே பிள்ளைகளைச் சித்தி வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ அனுப்பும் ஏற்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். வீட்டு நிலையை மையத்தில் மறைக்காமல் சொன்னால் அதற்கேற்ற அறிவுரை தருவார்கள். கார்பிமசோலை எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். அதன்பின் பெரும்பாலோருக்குத் தைராய்டு குறைச் சுரப்பாக மாறும் என்பதால், முதல் ஆறு மாதம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஃப்ரீ டி4 பார்த்து, அது இயல்புக்குக் கீழே இறங்கும்போது தைராக்சின் தொடங்குவார்கள். அந்த மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் அதே கட்டங்களில் புதிய மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தொடருங்கள்.